சுமையும் பார்வையும்

நிழற்படக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு அயல்நாடு செல்வோர் இரு சாரார். எதை எடுக்கப் போகிறோம் என்று முன்னரே தீர்மானித்து, அதற்கு வேண்டியதை மட்டும் கட்டிக்கொள்வோர் ஒரு சாரார். உள்ளதையெல்லாம் கட்டிக்கொண்டு, போன இடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்போர் மற்றொரு சாரார். 2023 ஆம் ஆண்டு நவம்பரில் ஸ்பெயின் தேசம் சென்றபோது நாம் முதற்சாராருடன் சேர நேர்ந்தது. அதற்குக் காரணம் நம் சாமர்த்தியமன்று. நம் உஸ்தாது அவர்கள் இட்ட கட்டளை.

உஸ்தாது அவர்கள் எண்பதைக் கடந்தவர்கள். கிரானடா நகரத்து அல்ஹம்ரா மாளிகையின் சுவர்களில் அரபுக் கவிதைகள் செதுக்கப்பட்டிருப்பதைப் பல்லாண்டுகளாக மாணவர்க்குச் சொல்லி வந்தவர்கள், கண்ணால் கண்டதில்லை. ஒரு கண்ணில் பார்வை அறவே போயிற்று. மற்றதும் மங்கி வருகிறது. பயணம் சொல்லிக்கொள்ளச் சென்ற நம்மிடம், "அழகான படம் கடையில் கிடைக்கும். எனக்கு வேண்டியது அதுவல்ல. எழுத்துப் படிக்கும்படி இருக்க வேண்டும், ஒரு புள்ளிகூட மறையலாகாது" என்றார்கள். அரபு எழுத்தில் ஒரு புள்ளி இடம் மாறினால் சொல்லே மாறிவிடும் என்பதை நமக்குப் போதித்தவர்களும் அவர்களே. அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கத்தக்க காரியமன்று அது.

நோக்கம் தெளிந்ததும் மூட்டை தானே சுருங்கிற்று. கையோடு எடுத்துச் செல்லப் பல விமான நிறுவனங்கள் 7 கிலோ எடையே அனுமதிக்கின்றன. கேமராவைச் சரக்குப் பெட்டியில் போட மனம் வராது. உபரியான லித்தியம் பேட்டரிகளைச் சரக்கில் வைக்க விதியே இடந்தராது. தீப்பற்றினால் ஆள் இருக்கும் இடத்தில்தான் உடனே அணைக்க முடியும். ஆகவே ஒரு கேமரா. மங்கிய ஒளியிலும் போதிய வெளிச்சம் வாங்கும் லென்ஸ் ஒன்று. தொலைவை அருகே கொணரும் லென்ஸ் ஒன்று. முனைகளில் நாடா ஒட்டிய மூன்று பேட்டரிகள். நான்கு மெமரி கார்டுகள். துடைக்க ஒரு மென்துணி. ஸ்பெயினிலும் நம் நாட்டைப் போலவே 230 வோல்ட் மின்சாரந்தான். உருண்டைக் கால் இரண்டுள்ள நம்மூர்ச் சார்ஜர் அங்கும் பொருந்தும். மூன்று கால் பிளக்குக்குத்தான் தனி இணைப்பான் வேண்டும். கேமராவின் கடிகாரத்தை நாலரை மணி நேரம் பின்னுக்கு வைத்தோம். எந்தச் சுவரை எந்நேரத்து ஒளியில் எடுத்தோம் என்பதைப் பின்னர் அறிய அது உதவும். முக்காலியை வீட்டிலேயே விட்டோம். அல்ஹம்ராவினுள் முக்காலிக்கும் பிளாஷுக்கும் அனுமதியில்லை.

முதலில் குர்துபா சென்றோம். 8 ஆம் நூற்றாண்டின் இறுதியில் முதலாம் அப்துர் ரஹ்மான் எழுப்பத் தொடங்கிய பள்ளிவாசல் அங்கே உள்ளது. 1236 முதல் அது தேவாலயம். 856 தூண்களும், செங்கல்லும் வெண்கல்லும் மாறிமாறி அமைந்த இரட்டை வளைவுகளும் அரையிருளில் நிற்கின்றன. இரண்டாம் அல்ஹகம் காலத்து மிஹ்ராபைச் சுற்றிக் கூஃபி எழுத்துகள் பொன்னும் நீலமுமாய் மின்னுகின்றன. அருகிலிருந்து கேமராவை அண்ணாந்து பிடித்தால் எழுத்துகள் மேலே போகப்போகக் குறுகிச் சாய்ந்தன. பின்வாங்கிச் சென்று, தூண்களுக்கிடையே நின்று, தொலைவு லென்ஸால் நோக்கியபோது அவை நிமிர்ந்து நின்றன. முழங்கைகளை விலாவோடு ஒட்டி, மூச்சடக்கி, ஒவ்வொன்றையும் மும்முறை எடுத்தோம். மூன்றில் ஒன்று அசையாமல் அமைந்தது. அல்ஹம்ராவுக்கு அதுவே நல்ல பயிற்சியாயிற்று.

அல்ஹம்ராவின் நஸ்ரீ அரண்மனைகளுக்குள் நுழைவுச்சீட்டில் குறித்த நேரத்தில்தான் புகலாம். சீட்டில் நம் பெயரும் உண்டு, பாஸ்போர்ட்டும் காட்ட வேண்டும். அங்குள்ள எழுத்து சுதையில் புடைத்து நிற்பது. பழைய வர்ணம் பெரும்பாலும் மங்கிவிட்டது. நேர் ஒளி விழும் சுவரில் எழுத்தும் கொடியும் பூவும் ஒன்றாய்க் கலந்து கண்ணை மயக்கின. ஒளி சாய்ந்து விழும் சுவரிலோ, ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் நிழலே கரை கட்டியது. நிழற்படம் என்ற நம் தமிழ்ச் சொல்லின் பொருத்தம் அங்கே விளங்கிற்று. நவம்பர்ச் சூரியன் நண்பகலிலும் தாழ்ந்தே நிற்பது நமக்கு வாய்ப்பாயிற்று. அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை என்ற நஸ்ரீ அரசரின் வாசகம் சுவர்தோறும் திரும்பத் திரும்ப வருகிறது. 1492 ஜனவரி 2 அன்று அவர்கள் நகரை ஒப்படைத்துச் சென்ற பின்னரும் அவ்வாசகம் அங்கேயே இருக்கிறது. அதைப் படமெடுக்கையில் நம் கை சற்றே நடுங்கியது, மீண்டும் எடுத்தோம்.

ஒளியின் நடத்தையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆராய்ந்தவர் இப்னுல் ஹைஸம். பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த அவர், இருட்டறைக்குள் துளைவழி ஒளி புகுவதைச் சோதித்தார். அவருடைய கிதாபுல் மனாழிர் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572-ல் பாஸல் நகரில் அச்சேறியது. லத்தீனில் கேமரா என்றால் அறை என்றே பொருள். நாம் தோளில் சுமப்பது ஒரு சிறு இருட்டறையே. அதற்குள் எதை அனுமதிப்பது என்பதே எடுப்பவனின் பொறுப்பு.

எதிரேயுள்ள அல்பைசீன் மேட்டின் குறுகிய சந்துகளில் நடந்தபோது கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டோம். அங்கே மக்கள் குடியிருக்கிறார்கள். ஒருவரின் உருவம் அவருக்கே உரியது என்பதை ஸ்பெயினில் 1982 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று காக்கிறது. சட்டம் இராவிடினும், வாயிலில் அமர்ந்து காய் நறுக்கும் மூதாட்டியைக் கேளாமல் எடுப்பது பண்பாகாது. வெறுங்கையோடு நடந்ததால் சுவரின் வெண்மையும், மாதுளை மரமும், தண்ணீர் ஓடும் ஓசையும் நம்மிடம் தங்கின.

ஊர் திரும்பியதும் படங்களைப் பெரிதாக அச்சிட்டு உஸ்தாது அவர்களிடம் கொடுத்தோம். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். சிங்க முற்றத்து ஊற்றின் தொட்டி 12 பக்கங்கள் கொண்டது. அதைச் சுற்றி இப்னு ஸம்ரக்கின் கவிதை ஓடுகிறது. நாம் நின்ற இடத்துக்குப் புலனான பக்கங்களே படத்தில் இருந்தன. அவை முடிந்த இடத்தில் அவர்கள் நிறுத்தவில்லை. மறைந்திருந்த பக்கங்களை மனனத்திலிருந்து ஓதி முடித்தார்கள்.

இன்று நம் பிள்ளைகள் பலர் படிப்புக்கும் பணிக்கும் ஐரோப்பிய நகரங்களுக்குச் செல்கின்றனர். பெட்டி கட்டும்போது எந்த லென்ஸ், எத்தனை பேட்டரி என்று நம்மிடம் கேட்போரும் உளர். அவர்களிடம் நாம் திருப்பிக் கேட்பது ஒன்றே: இந்தப் படங்களை வீட்டில் யார் பார்க்கக் காத்திருக்கிறார்கள்? அந்த முகம் நினைவுக்கு வந்துவிட்டால், எதை எடுத்துச் செல்வது, எதை விட்டுச் செல்வது என்பதில் ஐயம் எழாது.