நூல் பிடித்துப் பார்த்தல்

கோணலற்ற ஒன்றைச் சுட்டுவதற்கு 'நூல் பிடித்தாற்போல' என்பது நம்மவர் வழக்கு. கொத்தனார் சுவர் எழுப்பும்போதும், தோட்டத்தில் புதுக்கன்று நடுவதற்கு வரிசை பிடிக்கும்போதும் முதலில் நூலோ கயிறோதான் இழுக்கப்படுகிறது. சிறு வயது முதல் கேட்டுப் பழகிய இத்தொடரின் நேர்ப்பொருளை நான் உணர்ந்தது 2025ஆம் ஆண்டு ஆகஸ்டு விடுமுறையில், ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் அருகே ஈரமண்ணில் முழங்காலிட்டிருந்த வேளையில்.

திம்புள்ளயில் எங்கள் லயம் பிரதான வீதியிலிருந்து இரண்டு மைல் மேலே உள்ளது. தம்பி நுவரெலியாவில் ஒரு விடுதியில் வேலை செய்கிறான். பிந்திய முறை வேலை முடிந்து வருபவனுக்குக் கடைசி பஸ் கிடைப்பதே பெரிது. கிடைத்தாலும் அந்த இரண்டு மைலையும் இருட்டில் ஏறித்தான் ஆகவேண்டும். ஆகவே, வண்டி ஒன்று தேவை என்பதில் வீட்டில் இருவேறு கருத்து இருக்கவில்லை. எந்த வண்டி என்பதில்தான் இருந்தது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர் பழைய வண்டிகளின் விலை ஏறியது. 2025இன் தொடக்கத்தில் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டபோதிலும், புதிய வண்டியின் விலை எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை. கையில் இருந்ததெல்லாம் அம்மாவின் ஊழியர் சேமலாப நிதிப் பணம். பெண்கள் ஐம்பது வயதில் அதனைப் பெறலாம். முப்பத்தொரு ஆண்டு கொழுந்து பறித்தவரின் சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழித்தும், நிருவாகம் நூற்றுக்கு 12 சேர்த்தும் திரண்ட தொகை அது. தம்பி கண்டு வைத்திருந்த வண்டியின் விலை ஐந்தரை இலட்சம் ரூபா. தோட்டத்தில் நாட்சம்பளம் 1,000 ரூபாவைத் தொட்டதே 2021இல்தான். அந்தக் கணக்கில் பார்த்தாலும் அவ்விலை 550 நாள் கொழுந்துக்குச் சமம். "நீ படிச்ச புள்ள, நீ போய்ப் பாத்துச் சொல்லு" என்று அம்மா என்னிடம் பொறுப்பை ஒப்படைத்தார். கலைப்பீடத்தில் நான் கற்ற எதுவும் இதற்கு உதவாது என்பதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தம்பி விரும்பியது சாதாரண வண்டியன்று. நுவரெலியாவில் சித்திரை வசந்தகாலத்தில் நடைபெறும் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப் பள்ளிப் பருவத்தில் கண்ட நாள் முதல், குனிந்து ஓட்டும் வண்டியின்மேல் அவனுக்குத் தீராத மையல். 1930களில் தொடங்கிய பந்தயம் அது. கார்களோடு மோட்டார் சைக்கிள்களும் அதில் ஏறும். லிந்துலையை அடுத்த ஒரு தோட்டத்தில் விலைக்கு நின்றது யமஹா ஆர் 15 இரண்டாம் பதிப்பு: 149 சீ.சீ. இயந்திரம், ஆறு கியர், பந்தய வண்டியின் சாயல்.

எங்களுடன் வந்தவர் பெரியப்பா. தேயிலைத் தொழிற்சாலையின் இயந்திரப் பகுதியில் முப்பது ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவர், ஹொண்டா சீ.டி. 125 ஒன்றை இருபது ஆண்டுகளுக்கு மேல் இந்த மலைகளில் ஓட்டியவர். விற்பவன் இயந்திரத்தை முடுக்கி அதன் இரைச்சலைக் கேட்கச் செய்தபோது பெரியப்பா அதில் அக்கறை காட்டவில்லை. தம்பியை அருகழைத்து, "எஞ்சின் கெட்டாக் காசு போகும். போக்கு கெட்டா ஆளு போயிரும்" என்றார்.

வண்டியின் போக்கு என்று அவர் சொன்னது, அது நேரே செல்லும் விதத்தையும் வளைவில் சாயும் விதத்தையும் தடையிடும்போது அடங்கும் விதத்தையும். குனிந்து ஓட்டும் வண்டியில் ஓட்டுநரின் பாரத்தில் ஒரு பங்கு கைகளின் வழியே முன்சில்லின்மேல் இறங்குகிறது. சிறு அசைவுக்கும் உடனே திரும்பும்படி அமைந்த வண்டி ஆதலால், நல்ல நிலையில் அது விரைந்து பணியும். பழுதான நிலையில் அப்பழுதுக்கும் அவ்வாறே விரைந்து பணியும்.

இயந்திரத்தின் அடியில் மரக்கட்டை கொடுத்து முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்தினார்கள். பெரியப்பா கைப்பிடியை இரு விரலால் மெல்ல இடமும் வலமுமாகத் திருப்பினார். நடுவில் எங்கேனும் பள்ளத்தில் விழுந்தாற்போலத் தடைப்பட்டால், கழுத்திலுள்ள பெயாரிங் தேய்ந்துவிட்டது என்று பொருளாம். தடை இருக்கவில்லை. முன்போர்க்கின் அடியைப் பற்றி முன்னும் பின்னும் இழுத்தார், ஆட்டம் இல்லை. சில்லைச் சுழற்றி, விளிம்பின் அருகே பென்சிலை அசையாமல் பிடித்துக் கோட்டம் உண்டா என்று பார்த்தார். பின்சில்லைப் பக்கவாட்டில் அசைத்தார். கட்டையை எடுத்தபின் முன் பிரேக்கைப் பிடித்துக் கைப்பிடியை அழுத்தி விட்டார். நல்ல வண்டி ஒருமுறை எழுந்து அடங்கும்; எழுந்தெழுந்து ஆடுமானால் உள்ளிருக்கும் எண்ணெய் தன் வேலையைச் செய்யவில்லை. இதுவும் அடங்கி நின்றது. தம்பியின் முகம் மலர்ந்தது.

டயரிடம் வந்தபோதுதான் பெரியப்பா நெற்றியைச் சுருக்கினார். அதன் பக்கத்தில் 2317 என்ற எண் இருந்தது. 2017ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்பது அதன் பொருள். எட்டு ஆண்டில் இறப்பர் இறுகிவிடும். எங்கள் மழை வீதியில் அது பிடிக்காது. அதைவிட வியப்பு, நடுப்பகுதி தட்டையாகத் தேய்ந்திருக்க, ஓரங்கள் ஏறத்தாழப் புதிதாகவே இருந்தமை. "மலையிலேயே ஓடுன வண்டின்னு சொன்னீங்களே தம்பி?" என்று அவர் மெல்லக் கேட்டார். வளைவுகளில் சாய்ந்து ஓடிய டயரின் ஓரமும் தேய்ந்திருக்க வேண்டும். அதற்குப் பதில் வரவில்லை. கைப்பிடி முழுதும் திரும்பும்போது முட்டி நிற்கும் இரும்புக் குமிழைப் பெரியப்பா விரலால் தடவினார். இடப்புறக் குமிழ் புதுப்பூச்சின் கீழே நசுங்கியிருந்தது. "விழுந்ததே இல்ல" என்றான் அந்த இளைஞன்.

ஞாயிறு காலை, வீதியில் வாகனம் குறைவு. தம்பி தலைக்கவசம் அணிந்து ஏறினான். பெரியப்பா அவனிடம், கைகளை எடுத்துவிடாமல் பிடியை மட்டும் தளர்த்தும்படி சொன்னார். இறுகப் பிடித்தவனுக்குத் தன் பலம் தெரியுமேயன்றி வண்டியின் எண்ணம் தெரியாது என்பது அவர் கருத்து. நேர்வீதியில் நாற்பதில் செல்க. பின் வேகத்தைத் தானே குறையவிட்டு நடுக்கம் உண்டா என்று பார். ஒரே வளைவை ஏறும்போதும் இறங்கும்போதுமாக இருமுறை எடு. இவ்வளவே கட்டளை.

நானும் அவரும் வளைவின் ஓரத்தில் நின்றோம். அங்கு அவர் எனக்கு ஒரு புதுமையைச் சொன்னார். ஓடும் வண்டியை இடப்புறம் திருப்ப வேண்டுமானால் இடக்கைப் பிடியை முன்னே தள்ளவேண்டும். வண்டி இடப்புறம் சாயும், சாய்ந்தபின் திரும்பும். நான் நம்பவில்லை. பின்னர் படித்தபோது, விமானம் படைத்த வில்பர் ரைட்டும் இதனை அறிந்திருந்தார் என்று கண்டேன். சைக்கிள் ஓட்டுவோர் பலரிடம் இடப்புறம் எவ்வாறு திரும்புகிறீர்கள் என்று அவர் வினவியபோது, எவரும் முழுவதும் சரியாகச் சொல்லவில்லையாம். உடல் அறிந்திருப்பதை வாய் அறியாது போலும்.

தம்பி இடப்புற வளைவில் அழகாகச் சாய்ந்து வந்தான். அதே வளைவு திரும்பி வருகையில் வலப்புற வளைவாயிற்று. அப்போது வண்டி வளைய மனமற்று, வீதியின் இடது விளிம்பை நோக்கி விலகிற்று. அவ்விளிம்புக்கு அப்பால் கீழே தேயிலைச் சரிவு. வேகம் அதிகமில்லை, அவன் சமாளித்துக்கொண்டான். "கொஞ்சம் இடது பக்கம் இழுக்குது. பழகிரும்" என்றான் இறங்கியதும். எனக்கு நானுஓயா ரதெல்ல வீதி நினைவுக்கு வந்தது. 2023 ஜனவரி 20ஆந் திகதி அங்கே பஸ்ஸும் வானும் முச்சக்கர வண்டியும் மோதி எழுவர் மாண்டனர். நுவரெலியாப் பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகளின் தாய்மார் அந்நாளை மறக்கவில்லை.

பெரியப்பா பையிலிருந்து கொத்தனார் நூலை எடுத்தார். பின்டயரைச் சுற்றி அதன் இரு தலைப்பும் முன்டயருக்கு அப்பால் இழுக்கப்பட்டன. ஒரு தலைப்பு என் கையில். பின்டயரின் அகலம் 130 மில்லிமீற்றர், முன்டயருக்கு 90. ஆகவே, முன்டயருக்கும் நூலுக்கும் இடையில் இருபுறமும் 20 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். விற்பவனின் தங்கை தன் பள்ளி அடிமட்டத்தைக் கொண்டுவந்து தந்தாள். ஒருபுறம் 12, மறுபுறம் 28. செயின் இறுக்கும் இடத்துக் கோடுகள் இருபுறமும் ஒத்திருந்தமையால், பின்சில்லு கோணலாகப் பூட்டப்பட்டதென்று கொள்ளவும் வழியில்லை. போர்க் முறுகியிருக்க வேண்டும், அன்றேல் சட்டமே வளைந்திருக்க வேண்டும். போர்க்கை மாற்றலாம். சட்டம் பற்றிக் கழற்றிப் பாராமல் சொல்ல இயலாது.

விற்பவன் அப்போதுதான் உண்மையைச் சொன்னான். கொழும்பில் ஒருவரிடம் வாங்கி ஆறு மாதந்தான் ஆகிறது. இழுப்பதை அவனும் அறிந்திருந்தான். அடுத்த மாதம் கட்டாருக்குப் பயணம். முகவருக்குப் பணம் கட்டவேண்டும். விலையை நாலரை இலட்சமாக்கினான். தம்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை எதிர்கொள்வது எனக்குக் கடினமாக இருந்தது. அவன் இதுவரை தனக்கென்று எதையும் கேட்டவனல்லன். எனது படிப்புச் செலவில் ஒரு பகுதி அவன் சம்பளத்திலிருந்து வருவது. ஆயினும் "வேண்டாம்" என்றேன். பெரியப்பா அவ்விளைஞனிடம், போர்க்கைக் கழற்றிச் சரி பார்க்காமல் எவருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவன் தலையசைத்தான். வீடு திரும்பும்வரை தம்பி என்னோடு பேசவில்லை.

இவ்வளவில் முடிந்திருந்தால் இதனை ஒரு வெற்றிக் கதையாக எழுதியிருப்பேன். ஒக்டோபரில் பேராதனைக்குத் திரும்பும் வழியில், கொட்டகலையில் நின்ற பஸ்ஸின் சாளரத்தினூடாக அதே வண்டியைக் கண்டேன். ஓட்டியவன் வேறொருவன், பின்னால் ஒரு பெண் குழந்தையை அணைத்துக்கொண்டிருந்தாள். போர்க் மாற்றப்பட்டதா, நூல் பிடித்துப் பார்க்க அவர்களுக்கும் ஒரு பெரியப்பா இருந்தாரா, நான் அறியேன். பஸ் நகர்ந்துவிட்டது. நாங்கள் அம்மாவின் பணத்தைக் காத்தோம், தம்பியையும் காத்தோம். கோணலைக் கண்டறிந்தவர்க்கு அதற்குமேல் ஒரு கடமை உண்டா என்ற கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை.

தம்பி இன்னும் அந்த இரண்டு மைலையும் நடந்தே ஏறுகிறான். சென்ற வாரம் தொலைபேசியில், ஹட்டனில் வேறொரு வண்டி பார்க்கப் போவதாகச் சொன்னான். பெரியப்பாவையும் அழைத்துச் செல் என்றேன். "அவர் வர்றாரு. நூலு நான் எடுத்து வச்சுட்டேன், அக்கா" என்றான்.