பேத்தியோடு பார்த்த ஜப்பான் படம்



போன வருடம் என் மகளுக்கு ஒரு அறுவை சிகிச்சை. பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டியதாயிற்று. ஐந்து வயதுப் பேத்தி என்னிடம் இருந்தாள். "அம்மா ஆபீஸ் வேலையா பெங்களூரு போயிருக்கா" என்று எல்லோரும் சேர்ந்து ஒரு பொய் சொல்லி வைத்தோம். குழந்தை பயந்துவிடக் கூடாதே என்றுதான். அவளும் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் இரண்டாம் நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை. முப்பத்திரண்டு வருடம் வகுப்பறையில் நின்றவள் நான். கேள்வி கேட்காத பிள்ளையைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை.

ஒருநாள் மாலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மருமகன் டிவியில் ஒரு படம் போட்டுவிட்டுப் போனார். 'மை நெய்பர் டொட்டோரோ'. ஹயாவோ மியாசாகி இயக்கி 1988இல் வந்த ஜப்பான் அனிமேஷன் படம். ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. ஆங்கிலத்தில் ஓடியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன்.

அக்காவும் தங்கையும் அப்பாவோடு கிராமத்தில் ஒரு பழைய வீட்டுக்குக் குடிவருகிறார்கள். கொஞ்ச நேரத்தில் மூவரும் சைக்கிளில் கிளம்பி அம்மாவைப் பார்க்கப் போகிறார்கள். அம்மா இருப்பது ஆஸ்பத்திரியில்!

எனக்குத் திக்கென்றது. நிறுத்திவிடலாம் என்று ரிமோட்டை எடுத்தேன். பேத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இந்தப் படத்தில் வில்லன் கிடையாது, அடிதடி கிடையாது. மழையில் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் பக்கத்தில் டொட்டோரோ என்ற பெரிய காட்டு ஜீவன் வந்து நிற்கிறது. குடைமேல் துளி விழும் சத்தத்தில் சொக்கிப் போகிறது. "இதிலிருந்து என்ன தெரியுது, கண்ணு?" என்று வாத்தியார் புத்தியில் கேட்டேன். "சும்மா பாரு அம்மாச்சி" என்றாள்.

அம்மா வீட்டுக்கு வருவது தள்ளிப்போகிறது. தங்கைக்காரி ஒரு சோளக்கதிரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தனியே ஆஸ்பத்திரிக்கு நடக்கிறாள், வழி தவறிவிடுகிறாள். அப்போதுதான் பேத்தி கேட்டாள்: "எங்கம்மா எந்த ஆஸ்பத்திரில இருக்கா?"

அவளுக்குத் தெரிந்தே இருந்தது. நாங்கள் மறைக்கிறோம் என்பதால் அவளும் மறைத்திருக்கிறாள். படத்தை நிறுத்தி, உள்ளதைச் சொன்னேன். அழுதாள். பிறகு மீதிப் படத்தையும் பார்த்தாள்.

மறுநாள் அவளை அழைத்துப் போனோம். வாசலில் அவித்த சோளம் விற்றது. அம்மாவுக்கு என்று வாங்கினாள். மாடி ஏறுவதற்குள் பாதியைத் தின்றுவிட்டாள். பல நாள் கழித்து அவள் பசித்துத் தின்றது அதுதான்.

மியாசாகியின் தாயார் காசநோயால் வருடக்கணக்கில் படுத்திருந்தவர் என்று பிறகு படித்தேன். பிள்ளையின் பயத்தை அவர் தூரத்திலிருந்து பார்த்து எழுதியதில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். பொம்மைப் படம் என்பதாலேயே எல்லாம் குழந்தைகளுக்கு அல்ல. டொட்டோரோவோடு சேர்த்தே ஜப்பான் தியேட்டர்களில் வெளியான படம் இசாவோ தகாஹாதாவின் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்'. 1945 போரில் அநாதையாகிச் சாகும் அண்ணன் தங்கை கதை. இரண்டும் ஒரே ஸ்டூடியோ கிப்லி தயாரித்தவை. பெரியவர்களே தாங்க மாட்டோம்.

என் கணக்கு இது: ஐந்து வயதில் டொட்டோரோ, 'போன்யோ'. ஏழெட்டு வயதில் 'கிகி'ஸ் டெலிவரி சர்வீஸ்'. அப்பா அம்மா பன்றியாகிவிடும் 'ஸ்பிரிட்டட் அவே' பத்து வயதுக்கு மேல். எதுவானாலும் முதலில் நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுங்கள். போனைக் கையில் கொடுத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர்கள் கேட்கும் கேள்வி படத்தைப் பற்றியதாக இருக்காது.

மகள் இப்போது நலம். பேத்தி டொட்டோரோவை எத்தனை தடவை பார்த்தாள் என்று கணக்கில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளைகள் என்ன பார்க்கிறார்கள்? சொல்லுங்களேன்.