உடுப்பின் மரியாதை

நான் கதை எழுதுகிறவன். கதையில் தபால்காரர் வாசலில் வந்து நின்றால், வாசகர் ஏதோ சேதி என்று ஆவலோடு பக்கத்தைப் புரட்டுகிறார். போலீஸ்காரர் வந்து நின்றால், அந்த வீட்டுக்கு என்ன கேடோ என்று பதறுகிறார். காக்கி இருவருக்கும் பொதுதான். 'காக்' என்ற பாரசீகச் சொல்லுக்குப் புழுதி என்று பொருள். புழுதி நிறத் துணி. குற்றம் துணியின்மேல் இல்லை.

சோறு உண்ண மறுக்கும் குழந்தைக்குப் போலீஸ்காரர் பெயரைச் சொல்லிப் பயம் காட்டுகிறோம். அது பூச்சாண்டி செய்யவேண்டிய வேலை. பூச்சாண்டிக்கு நாம் சம்பளம் கொடுப்பதில்லை, போலீஸ்காரருக்குக் கொடுக்கிறோம். தான் வைத்த காவல்காரனைக் கண்டு தானே நடுங்கும் வீட்டுக்காரன் வேறெங்காவது உண்டா?

இந்தப் பயத்துக்கு வயது அதிகம். 1855-ல், சென்னை மாகாணத்தில் நடந்த சித்திரவதைகளை விசாரித்து ஒரு கமிஷன் அறிக்கை தந்தது. நிலவரி வசூலிப்பதும் குற்றவாளியைப் பிடிப்பதும் அன்று ஒரே கூட்டத்தின் கையில் இருந்தன. வரி பாக்கி வைத்த குடியானவனை வெயிலில் நிறுத்தினார்கள். கிட்டி போட்டு விரலை நெரித்தார்கள். 1859-ல் சட்டம் செய்து, தனிப் போலீஸ் படை அமைத்தார்கள். ஆக, குடியானவனின் விரலைக் காப்பதும் அந்தப் படை பிறந்த காரணங்களில் ஒன்று! ஆனால், 2020-ல் சாத்தான்குளத்தில் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போன தந்தையும் மகனும் உயிரோடு வீடு திரும்பவில்லை. கிட்டி போயிற்று, கை போகவில்லை.

உடுப்புக்கு இன்னொரு சரித்திரமும் உண்டு. 1944 ஏப்ரல் 14. பம்பாய்த் துறைமுகத்தில், பஞ்சும் வெடிமருந்தும் ஏற்றிவந்த 'போர்ட் ஸ்டைகீன்' கப்பல் தீப்பற்றியது. நெருப்போடு போராடிக்கொண்டிருக்கும்போதே கப்பல் வெடித்தது. தீயணைப்புப் படையினர் 66 பேர் மாண்டார்கள். நாம் சித்திரைப் பிறப்புக்குப் பாயசம் வைக்கும் அந்தத் தேதியைத்தான், தேசம் தீயணைப்புப் பணி தினமாக அனுசரிக்கிறது. அந்த 66 பேரில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? உடுப்பு மனிதனுடைய பெயரை விழுங்கிவிடுகிறது. அடித்தவனும் அதற்குள் ஒளிந்துகொள்கிறான். செத்தவனும் அதற்குள் மறைந்துபோகிறான்.

அப்படியானால் உடுப்பு எதற்கு? ஆபத்தில் சிக்கியவன் கூட்டத்தின் நடுவே தன்னைக் காப்பவனைத் தூரத்திலிருந்தே கண்டுகொள்ள வேண்டும், அதற்கு. இதில் அரசாங்கத்துக்கு ஒரு பரீட்சையும் இருக்கிறது. நள்ளிரவில், நாதியற்ற ஓர் ஏழை அந்த உடுப்பைக் காண்கிறான். அதை நோக்கி ஓடுகிறானா, அதை விட்டு ஓடுகிறானா?