தாளில் தெரியாத கனம்

மலையடிவாரத்தில் வாழும் எங்களுக்குக் கடலோடு என்ன உறவு? இராஜபாளையத்தில் பஞ்சு உண்டு, நூல் உண்டு, ஆலைகள் உண்டு. அடுத்துள்ள சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் துணி நெய்கின்றனர். இத்தகைய ஊரில், அலைச்சறுக்குப் பலகை ஒன்றுக்கு உறை தைக்கும் பணி எங்களைத் தேடி வந்தது.

சென்னையில் பணிபுரியும் எங்கள் மகன், கோவளத்து மீனவ இளைஞரிடம் அக்கலையைப் பயின்று வந்தான். ஓராண்டு காலம் அதை எங்களிடம் மறைத்திருந்தான். காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று காலை நாங்கள் வேளாங்கண்ணியில் இருந்தோம். நான்கு வயதுப் பிள்ளையைத் தோளில் சுமந்து ஓடி உயிர் பிழைத்தோம். அதன்பின் எங்கள் வீட்டில் கடலின் பெயர் தாழ்ந்த குரலிலேயே ஒலித்தது.

ஒருநாள் தொலைபேசியில், “அம்மா, பலகை ஆட்டோவில் இடிபட்டு விரிசல் விட்டுவிட்டது. ஓர் உறை தைத்துத் தருவீர்களா?” என்றான். இரண்டு நாள் நாங்கள் பேசவில்லை. மூன்றாம் நாள், “அளவு அனுப்பு” என்றோம்.

செய்தித்தாள்களை ஒட்டி, அதன்மேல் பலகையை வைத்து வரைந்த ஆறடி உருவரை அஞ்சலில் வந்தது. அத்தகைய பலகையின் உள்ளே நுரைப்பொருள், மேலே கண்ணாடி இழையும் பிசினும் சேர்ந்த மெல்லிய தோல். தோல் வெடித்தால் நுரை உப்புநீரைக் குடித்துக் கெடும். வெயிலில் கிடந்தாலும் கேடுதான். ஆகவே, வெப்பத்தைத் திருப்பும் வெள்ளி நிறத் தார்ப்பாயை வெளியிலும், விரல் கன நுரைத்தாளை நடுவிலும், பழைய பருத்திப் போர்வையை உள்ளேயும் வைத்தோம். ஒருவர் அளக்க, மற்றவர் வெட்டினோம். வீட்டுத் தையல் இயந்திரத்தில் மூன்று ஊசிகள் முறிந்தன. ஸ்ரீவில்லிபுத்தூரில் வாகன இருக்கைகளுக்கு உறை தைப்பவர் ஒருவர் 18ஆம் எண் ஊசியைத் தந்து, “நீளத் தையல் போடுங்கள் அண்ணாச்சி, நெருங்கத் தைத்தால் தார்ப்பாய் கிழியும்” என்றார்.

உறையோடும் பால்கோவாவோடும் பொதிகை விரைவு வண்டியில் சென்னை சேர்ந்தோம். பலகை உறைக்குள் நுழையவில்லை! உருவரை நீளத்தையும் அகலத்தையும் சொல்லும், கனத்தைச் சொல்லாது. பலகையின் இரண்டரை அங்குலக் கனத்தை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை.

“பரவாயில்லை அம்மா” என்றான் மகன். ஆயினும் நாங்கள் ஒரு பக்கத் தையலைப் பிரித்து, தோள்வாருக்கென வைத்திருந்த துணியில் மூன்று அங்குலப் பட்டி வெட்டி, கோணியூசியால் இரவெல்லாம் தைத்தோம். அவன் அருகில் அமர்ந்து நூல் கோத்துத் தந்தான். முதன்முறையாகக் கடலைப் பற்றிப் பேசினான். விழுந்தது, மூச்சு முட்டியது, மீனவ இளைஞர் கைதூக்கிவிட்டது, அச்சம் அகன்றது. வாரந்தோறும் தொலைபேசியில், “சாப்பிட்டாயா, சம்பளம் வந்ததா” எனக் கேட்ட நாங்கள், பிள்ளையையும் உருவரையால்தான் அளந்திருந்தோம் என்று அன்றிரவு உணர்ந்தோம்.

தொலைவில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோரே, அருகிருந்து தொட்டுப் பாராமல் எந்தக் கனமும் புலப்படுவதில்லை.

மறுநாள் காலை கோவளத்தில், அன்று நாங்கள் தோளில் சுமந்த பிள்ளை பலகையை அக்குளில் இடுக்கி அலைக்குள் இறங்கினான். எங்கள் நெஞ்சம் நடுங்கவே செய்தது. வெற்று உறையை மடியில் வைத்துக்கொண்டு கரையில் அமர்ந்திருந்தோம்.