தறியை நிறுத்த யாராலும் முடியும்

சோமனூர் விசைத்தறிக்கு யோசனை சொல்ல வருகிற பிள்ளைகள் எல்லோரும் தறியை எப்படி நிறுத்துவது என்றே யோசித்துக்கொண்டு வருகிறார்கள். பாவில் ஓர் இழை அறுந்தால் சென்சார் கண்டுபிடித்து மோட்டாரை நிறுத்திவிடுமாம். ஊடை நூல் சுற்றிய தார் தீரப் போகிறது என்று செல்போனுக்குச் செய்தி வருமாம். தறியை நிறுத்துவதில் எங்களுக்கு என்றைக்கும் கஷ்டம் இருந்ததில்லை. நின்ற தறியைத் துணியில் தடம் விழாமல் மறுபடி ஓட்டுவதுதான் கஷ்டம். தறி மெக்கானிக்காக என் தொழில் வாழ்க்கையில் பாதி அதற்கே போயிருக்கிறது.

முட்டி ஒத்துழைக்காததால் போன வருஷத்தோடு ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டேன். சும்மா இருக்கிறேன் என்று தெரிந்து, ஒரு கல்லூரியில் சமுதாயத்துக்குப் பயன்படும் யோசனைகளுக்கான போட்டிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். விசைத்தறி பற்றிய யோசனைகளும் வந்திருக்கின்றன, தொழில் தெரிந்த ஒருவர் நடுவர்களோடு உட்கார்ந்தால் நல்லது என்றார்கள். சந்தோஷமாகத்தான் போனேன். முதலில் பேசிய பையன் திரையில் ஒரு படத்தைக் காட்டி, "இது காலாவதியான தொழில்நுட்பம், பழைய இரும்பு விலைக்குத்தான் போகும்" என்று ஆரம்பித்தான். படத்தில் இருந்தது கைத்தறி. நடுவர்கள் யாரும் அதைத் திருத்தவில்லை.

அந்தப் பையன் மீது எனக்குக் கோபம் இல்லை. பழைய இரும்பு என்று அவன் சொன்னதிலும் பொய் இல்லை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ தறிக் குடோன்களில் தறியை உடைத்து எடைக்குப் போட்டிருக்கிறார்கள். நான் செட்டிங் செய்த தறிகளும் அதில் உண்டு. ஆனால் ஐந்து நிமிஷத்தில் அவன் சொல்லி முடித்த சென்சாருக்குப் பலத்த கைதட்டல் கிடைத்தபோது எனக்கு மனசு ஆறவில்லை. பாவு அறுந்தால் தறி நிற்கும் ஏற்பாடு பழைய விஷயம். ஒவ்வோர் இழையிலும் ஒரு மெல்லிய தகட்டைத் தொங்கவிட்டு, இழை அறுந்தால் தகடு விழுந்து தறி நிற்பதை மில்களில் எப்போதோ செய்துவிட்டார்கள். சாதா தறியை மேம்படுத்த மத்திய அரசு மானியம் கொடுத்த திட்டத்திலும் அந்தச் சாதனம் இருந்தது. அதை மாட்டிய சில இடங்களில் பிறகு கழற்றி வைத்ததையும் பார்த்திருக்கிறேன். ஏன் கழற்றினார்கள் என்று எந்தப் பிள்ளையும் வந்து கேட்டதில்லை.

தறி நிற்கும்போது பாவு இழுவையிலேயே நிற்கிறது. நேரம் ஆக ஆக நூல் தளர்ந்து கொடுக்கும். துணி முடிந்து பாவு தொடங்கும் விளிம்பு, நின்ற இடத்திலிருந்து மயிரிழை நகர்ந்துவிடும். அதோடு ஹேண்டிலை இழுத்தவுடன் விழும் முதல் ஒன்றிரண்டு அடி முழு வேகத்தில் விழாது. இரண்டும் சேர்ந்தால் துணியின் அகலம் முழுக்கக் குறுக்கே ஒரு கோடு. ஊடை நெருங்கி விழுந்தால் தடித்த கோடு, விலகி விழுந்தால் சல்லடைக் கோடு. சாயம் ஏறாத காடாவாக இருக்கும்போது சாதாரணக் கண்ணுக்குத் தெரியாது. சாயம் ஏறினால் பளிச்சென்று தெரியும். அப்போது பிடித்தம் தறிக்காரர் கூலியில்தான் விழும்.

நல்ல தறிக்காரர் ஹேண்டிலைத் தொடுவதற்கு முன் வீலைக் கையால் பின்னுக்குத் திருப்பி, அரைகுறையாக விழுந்த ஊடையை எடுத்துவிடுவார். துணியை இழுத்துச் சுற்றும் டேக்கப் வீலை ஒரு பல்லோ இரண்டு பல்லோ பின்னுக்கு விடுவார். எத்தனை பல் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தார் மாற்றுவதற்காக நின்ற தறிக்கு ஒரு கணக்கு, கரண்ட் போய் ஒரு மணி நேரம் நின்ற தறிக்கு இன்னொரு கணக்கு. நாற்பதாம் நம்பர் நூலுக்கும் இருபதாம் நம்பருக்கும் ஒரே கணக்கு வராது. பங்குனி, சித்திரையில் நூல் காய்ந்து முறுகும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குடோனுக்குள் புகுந்தால் ஜன்னலோரத் தறி ஒரு மாதிரியும் உள்தறி வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். பாவு பீமில் சுற்றிய செயினில் தொங்கும் வெயிட்டை எவ்வளவு வைத்தோம் என்பதும் இதில் சேரும். விரல் முனையால் பாவை மெல்ல அழுத்திப் பார்த்து, பல்லைத் தீர்மானிப்பார்கள். ஆறு தறி பார்க்கிற ஆள், ஒரு தறியில் இதைச் செய்யும்போது மற்ற ஐந்தும் ஓடிக்கொண்டிருக்கும். தகடு மாட்டினால் பாவு அறும்போதெல்லாம் தறி நிற்கும்; நிற்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு முழுவதையும் போட வேண்டும். அதற்கு ஆள் தேறாத குடோனில் தகட்டைக் கழற்றிவிடுகிறார்கள்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த மேஸ்திரி ஆரம்பத்தில் என்னைத் தறிப்பக்கமே விடவில்லை. பீஸ் அறுத்து மடிக்கிற இடத்தில் உட்காரவைத்தார். துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, குறுக்குக் கோடு ஒவ்வொன்றையும் தேடிப் பிடித்து, அந்த இடத்தில் தறி எதற்காக நின்றது என்று சொல்ல வேண்டும். கோட்டுக்குப் பக்கத்தில் ஊடை முனை இருந்தால் தார் தீர்ந்து நின்றது. பாவில் முடிச்சு இருந்தால் இழை அறுந்து நிறுத்தியது. எதுவும் இல்லாமல் கோடு மட்டும் தடித்துக் கிடந்தால் கரண்ட் போயிருக்கிறது. இவ்வளவும் நானே பிடித்துவிட்டேன். ஒரு நாள் எந்தக் காரணமும் தெரியாத ஒரு கோட்டைக் காட்டினேன். அவர் துணியைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "ஆள் டீ குடிக்கப் போயிருக்கான் கண்ணு, பக்கத்துத் தறிக்காரன் வந்து ஓட்டி விட்டிருக்கான்" என்றார். விசாரித்தால் அப்படித்தான் நடந்திருந்தது. பல்லைப் பின்னுக்கு விடுவதில் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு பழக்கம் உண்டு. குடோனில் யார் கை எது என்று துணியைப் பார்த்தே அவருக்குத் தெரியும்.

மாசக்கணக்கில் இது நடந்தது. எப்போது ஸ்பேனர் தருவீங்க என்று கேட்டால், "முதல்ல துணியைப் படிச்சுட்டு வாப்பா" என்பார். அவர் பள்ளிக்கூடம் போகாதவர். நடுவராக உட்கார அவரை எந்தக் கல்லூரியும் கூப்பிட்டதில்லை. அவர் செட்டிங் செய்த தறியில் ஓடிய துணிக்கு மடிப்புக் கூடத்தில் மறுபேச்சு இருக்காது. அந்தப் பெயரை நானும் கடைசிவரை காப்பாற்றினேன்.

யோசனைப் போட்டியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் தொழிலுக்காகவே இந்த நாட்டில் பெரிய போட்டி ஒன்று நடந்திருக்கிறது. 1929-ல் அகில இந்திய சர்க்கா சங்கம், நல்ல கைராட்டை செய்து தருபவருக்கு 1 லட்சம் ரூபாய் பரிசு என்று அறிவித்தது. இன்றைய பிள்ளைகள் பரிசுத்தொகையை விட்டுவிட்டு அதன் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். ஒரு பெண் குடிசையில் உட்கார்ந்து பெரிய சிரமமில்லாமல் 8 மணி நேரம் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். அந்த நேரத்தில் 12 முதல் 20 நம்பர் வரையான நூல் 16,000 அடி வர வேண்டும். விலை 150 ரூபாயைத் தாண்டக்கூடாது. 20 வருஷம் உழைக்க வேண்டும். தேய்ந்த பாகம் மாற்றும் செலவு வருஷத்துக்கு விலையில் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. ராட்டையின் முன்னால் உட்காரப் போகும் பெண்ணை நினைத்து எழுதிய கேள்வி அது. பரிசை யாரும் வெல்லவில்லை. ஆனால் கேள்வி சரியாக இருந்ததால் தேடல் நிற்கவில்லை. பிற்பாடு தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் அம்பர் சர்க்கா என்ற ராட்டையைக் கொடுத்தார்.

கோயமுத்தூர் முருகானந்தமும் இப்படித்தான். கைத்தறி நெய்கிற வீட்டுப் பிள்ளை, பட்டறையில் வேலை பார்த்தவர். தன் வீட்டுப் பெண்ணுக்கு என்ன தேவை என்று கண்ணால் கண்டு, வருஷக்கணக்கில் அவமானப்பட்டு, மலிவு விலை நாப்கின் இயந்திரத்தைச் செய்து முடித்தார். 2016-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சூலூருக்குப் பக்கத்துக் கலங்கலில் பிறந்த ஜி.டி.நாயுடுவைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இந்த மண்ணில் யோசனைக்குப் பஞ்சம் இருந்ததே கிடையாது.

இன்று நான் முதல்வன் திட்டத்தில் நிரல் திருவிழா நடக்கிறது. பள்ளிகளில் புத்தாக்கத் திட்டம் என்று ஊர்ப் பிரச்சினைகளுக்கு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்கூட யோசனை எழுதுகிறார்கள். நல்ல காரியம். என் ஆதங்கம், நான் பார்த்த போட்டியில் கேள்வியே குடோனுக்குள்ளிருந்து வரவில்லை என்பதுதான். பிள்ளைகள் கையில் இருக்கிற சென்சாருக்கு வேலை தேடிக்கொண்டு வருகிறார்கள். ஒரு ஷிப்ட் நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று அன்றைக்குக் கேட்டேன். ஒரே ஒரு கை எழுந்தது.

அந்தப் பெண் பாலிடெக்னிக் மாணவி. அவள் அம்மா தார் சுற்றுகிறவர். அவள் கொண்டுவந்தது ஒரு கோடு போட்ட நோட்டு. ஒரு குடோனில் எந்தத் தறி எத்தனை மணிக்கு நின்றது, எதற்காக நின்றது என்று தறிக்காரர் சொல்லச் சொல்ல எழுதியிருந்தாள். கூட்டிப் பார்த்ததில், நின்றதில் பெரும்பங்கு இரண்டு தறிகளில்தான். இரண்டுக்கும் ஒரே லாட் பாவு. சைசிங்கில் கஞ்சி சரியாக ஏறவில்லை. பழி அதுவரை தறிக்காரர் மீதுதான் விழுந்திருந்தது. இந்த நோட்டையே பட்டனை அழுத்தினால் பதிகிற பெட்டியாகச் செய்தால், பிடித்தம் போடுகிறவர் முன் தறிக்காரர் கணக்கோடு உட்காரலாம் என்று அவள் சொன்னாள். "அம்முணி, யாரும்மா உனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது?" என்றேன். "அம்மா தினமும் வந்து புலம்புவாங்கய்யா, அதை எழுதிப் பார்த்தேன்" என்றாள். அவளுக்கு ஆறுதல் பரிசு கொடுத்தார்கள். முதல் பரிசு வேறு பக்கம் போயிற்று.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்லக்கூடாது, மெக்கானிக்குகளையும் சொல்ல வேண்டும். இப்போது வருகிற பையன்கள் செல்போனில் வீடியோ பார்த்துக் கழற்றுகிறார்கள். பிக்கர் போனால் பிக்கர் மாற்று, பெல்ட் போனால் பெல்ட் மாற்று; ஏன் போயிற்று என்று கேட்பதில்லை. துணியை எடுத்து வெளிச்சத்தில் பார்க்கிற ஒரு பையனை நான் சமீபத்தில் பார்க்கவில்லை. கூலி கட்டுப்படியாகாத தொழிலில் யார் மாசக்கணக்கில் கோடு எண்ணிக்கொண்டு உட்காருவான் என்று கேட்டால், அதற்கு என்னிடம் பதில் இல்லை.

கூலிதான் எல்லாவற்றுக்கும் அடியில் கிடக்கிறது. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதக் கூலி உயர்வு என்று பேசி முடித்தார்கள். அது கைக்கு வராமல் 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினோம். 2025 மார்ச்சில் மறுபடி நிறுத்தி, ஒரு மாதம் கழித்து 15 சதவீத உயர்வுக்கு ஓட்டினோம். அப்படி ஒரு மாதம் கழித்து ஓட்டியபோது நான் குடோன் குடோனாகப் போனேன். பீமில் கிடந்த பாவின் கஞ்சியைக் கரப்பான் தின்றிருந்தது. இழுவை தொய்ந்து, எந்தத் தறியிலும் பழைய பல் கணக்கு செல்லவில்லை. முதல் பீஸில் விழுந்த கோட்டுக்குச் சில இடங்களில் அப்போதும் பிடித்தம் போட்டார்கள். ஒப்பந்தக் கூலிக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும் என்று எங்கள் சங்கங்கள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன. சட்டம் படிக்கிற பிள்ளைகள் அதற்கு ஒரு வழி எழுதிக் கொண்டுவந்தால் அதுவும் யோசனைதான். அதை ஒருவரும் கொண்டுவரவில்லை.

அடுத்த வருஷப் போட்டிக்குக் கேள்வி எழுதித் தருகிறேன் என்று சொல்லி, ஒரு தாளில் எழுதிக் கல்லூரிக்கு அனுப்பியும்விட்டேன். நின்ற சாதா தறியைக் குறுக்குக் கோடு விழாமல் ஓட்ட ஒரு சாதனம் வேண்டும். ஆறு தறி பார்க்கிறவர் ஒரு கையால் இயக்க வேண்டும். பஞ்சு அடைத்தாலும், தறி அதிர்ந்தாலும் வேலை செய்ய வேண்டும். கெட்டுப்போனால் சோமனூர் லேத்துப் பட்டறையில் சரிசெய்ய முடிய வேண்டும். விலை, ஒரு தறியின் ஒரு மாதக் கூலியைத் தாண்டக்கூடாது. கலந்துகொள்கிற பிள்ளைகள் முதலில் ஒரு வாரம் மடிப்புக் கூடத்தில் உட்கார்ந்து துணி பார்க்க வேண்டும். கோடு காட்டிக்கொடுக்க நான் வருகிறேன். கல்லூரியிலிருந்து இன்னும் பதில் வரவில்லை.