காட்டாத கை

மதியச் சாப்பாட்டு மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் நூலக வராந்தாவின் மூன்றாவது தூணருகே அந்தப் பையன் வந்து நிற்பான். ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவு. கையில் ஒரு பத்து ரூபாய்க் காசு. ரிசர்வ் வங்கி எத்தனை முறை செல்லும் என்று சொன்னாலும், மதுரைக்கு வடக்கே எங்கள் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் அதை வாங்க யோசிப்பார்கள். கடைக்காரர் திருப்பிக் கொடுத்த காசு அவனுக்குத் தோதாகப் போயிற்று. 27 மில்லிமீட்டர் அகலம். பிஞ்சு விரல்களுக்குள் அடங்கும், தூரத்திலிருந்தும் தெரியும். அமெரிக்க வித்தைக்காரர்கள் விரும்பும் அரை டாலர் இதைவிடக் கொஞ்சம் பெரிசு, 30 மில்லிமீட்டருக்கும் சற்று மேல்.

காசை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றுவான். மூடுவான். ஊதுவான். திறந்தால் காசு இருக்காது.

பள்ளி அலுவலகத்தில் என் மேஜை ஜன்னலோரம். டி.சி. எழுதுவது, போனஃபைடு எழுதுவது, எமிஸ் தளத்தில் மாணவர் விவரம் பதிவேற்றுவது எல்லாம் அங்கேதான். ஜன்னலுக்கு வெளியே வராந்தா. அவன் என் பக்கம் முதுகைக் காட்டித்தான் நிற்பான் என்பதால், எதிரே நிற்கிறவர்கள் பார்க்காததெல்லாம் எனக்குத் தெரியும்.

ஆரம்பத்தில் அவன் வகுப்புப் பையன்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். "எப்படிடா?" என்று பிடித்துக்கொண்டார்கள். அவன் சொல்லிக் கொடுத்தான். "ப்பூ, இவ்வளவுதானா!" என்று கபடி ஆடப் போய்விட்டார்கள். அடுத்த வித்தையைச் சொல்ல மறுத்தான். "பெரிய இவன்" என்று கோபித்துக்கொண்டு போனார்கள். சொன்னாலும் கூட்டம் கலைகிறது, சொல்லாவிட்டாலும் கலைகிறது. பிறகு அவனும் தூணும்தான்.

ஒருநாள் நூலகத்தில் புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்த எட்டாம் வகுப்புப் பெண் நின்று பார்த்தாள். இரட்டைப் பின்னல், ஒரு ரிப்பன் அவிழ்ந்து தொங்கியது. அவன் காசு இருப்பதாகக் காட்டும் கையை உயர்த்தினான். யாராக இருந்தாலும் கண் அந்தக் கையோடு மேலே போகும். அவள் கண் போகவில்லை. காட்டாத கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, அந்தக் கை செத்துப்போச்சுண்ணே."

"என்னது?"

"வெறைப்பா வச்சிருக்கீங்கள்ல, அதைச் சொல்றேன். சும்மா தொங்கப் போடுங்க. நீங்களும் அங்கிட்டுப் பாக்காதீங்க."

அவள் சொன்னதன் பொருள் வித்தை பழகியவர்களுக்குப் புரியும். மற்றவர்களுக்கு நான் விளக்கப் போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

அவன் முகத்தில் முதலில் வந்தது கோபம். அது பாதியில் நின்று வேறு ஏதோவாக மாறியது. "உனக்கு எப்படித் தெரியும்?" என்றான். அவள் ஜியாமெட்ரி பாக்ஸைத் திறந்து ஒரு சிவப்புப் பட்டுக் கைக்குட்டையை எடுத்தாள். மூடிய கைக்குள் கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்தாள். விரித்தாள். கை காலி. மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியில் அப்பாவிடம் அடம்பிடித்து வாங்கிய சின்ன அயிட்டம் ஒன்று அந்த வித்தைக்கு வேண்டும். வாங்கியபோது அதன் நிறம் வெள்ளைக்காரத் தோலுக்குத்தான் பொருந்துமாம். அவளே வண்ணம் கலந்து தன் கைக்கு ஏற்றபடி பூசிக்கொண்டிருக்கிறாள். அதைச் சொல்லும்போதுதான் அவள் குரலில் பெருமை வந்தது, கைக்குட்டை மறைந்தபோது அல்ல.

அன்று மணி அடித்த பிறகும் இருவரும் நகரவில்லை. தமிழம்மா வந்து விரட்ட வேண்டியிருந்தது.

மூன்றாவது ஆள் கிடைத்தது எங்கள் அலுவலக வாசலில். பி.டி. சார் ஒரு சீட்டுக்கட்டை என் மேஜையில் பொத்தென்று போட்டார். "ப்ளஸ் ஒன் பய சார். கடைசி பெஞ்சுல சீட்டு விளையாடுறான்." பின்னாலேயே ஒல்லியாக, உயரமாக, தலை குனிந்து ஒரு பையன்.

எச்.எம். மேடம் கேட்டார்: "யார் யார்டா ஆடுனீங்க?"

"யாரும் ஆடலை மேடம். நான் மட்டுந்தான்."

"ஒத்தையில எப்படிடா சீட்டாடுறது?"

"ஆடலை மேடம், கலைச்சேன். எத்தனை தடவை கலைச்சாலும் மேல இருக்குற சீட்டு மேலயே இருக்கணும். அதுக்குத்தான்."

இதை மன்னிப்பதா, இன்னும் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்வதா என்று மேடத்துக்குப் புரியவில்லை. அப்பாவை அழைத்து வரச் சொன்னார். கட்டு என் மேஜை இழுப்பறைக்குள் போயிற்று. ஓரமெல்லாம் நைந்து துணிபோல் மெத்தென்று ஆகியிருந்தது.

பி.டி. சாரின் பயத்தை அடியோடு தள்ளிவிடவும் முடியாது. உலகெங்கும் சீட்டு வித்தைக்காரர்கள் பாடம் படிக்கும் 'தி எக்ஸ்பர்ட் அட் தி கார்டு டேபிள்' என்ற நூல் 1902-இல் அமெரிக்காவில் வெளியானது. அதில் பெரும்பகுதி சூதாட்ட மேஜையில் எதிராளியை ஏமாற்றும் கைத்திறன்தான். எஸ்.டபிள்யூ. எர்ட்னேஸ் என்று பெயர் போட்டுக்கொண்ட ஆசிரியர் உண்மையில் யார் என்பது இன்றைக்கும் தீராத வழக்கு. அதே விரல் வேலை, மேஜை மாறினால் கலை.

வாசலில் நின்றவனின் பதில் வராந்தா வரை கேட்டிருக்கிறது. சிறிது நேரத்தில் காசுக்காரனும் ரிப்பன்காரியும் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் வந்தார்கள். "ஃபால்ஸ் ஷஃபிளாண்ணே?" என்று அவள் மெல்லக் கேட்டாள். தலை நிமிர்ந்தது. அப்பா வரப்போகிறார், அடி விழப்போகிறது என்பதையெல்லாம் மறந்து அந்தப் பையன் சிரித்ததை நான் பார்த்தேன். இவ்வளவு பெரிய பள்ளியில் அந்தச் சொல்லைத் தெரிந்த இன்னொரு வாய் இருக்கும் என்று அவன் எதிர்பார்த்திருக்க மாட்டான்.

பிறகு அறிவிப்புப் பலகையில் நோட்டுத்தாள் ஒன்று ஒட்டப்பட்டது. 'மேஜிக் மன்றம். விருப்பம் உள்ளவர்கள் மதியம் நூலக வராந்தாவுக்கு வரவும். ரகசியம் சொல்லித்தரப்பட மாட்டாது.' கடைசி வரி சிவப்பு மையில். அந்த வரியே கூட்டத்தை இழுத்தது. முதல் நாள் முப்பது பேருக்கு மேல் இருக்கும். ரிப்பன்காரி எல்லாருக்கும் ஒரே வேலை கொடுத்தாள்: காசை உள்ளங்கையில் வைத்துக்கொள்ள வேண்டும், அது இருப்பது தெரியாதபடி ஒரு வாரம் நடக்க வேண்டும், எழுத வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும். வித்தையே கிடையாது, வெறும் வைத்துக்கொள்ளல். மறு வாரம் ஏழு பேர் வந்தார்கள். "போனவங்க போகட்டும்ணே. ரகசியந்தான் வேணும்னா யூடியூப்ல கொட்டிக் கிடக்கு" என்றாள்.

லண்டனில் 1905-இல் தொடங்கிய மேஜிக் சர்க்கிள் என்ற சங்கத்திலும் தேர்வில் தேறினால்தான் சேர முடியும். ரகசியத்தை வெளியே விட்டால் நீக்கம். அந்தச் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ள 1991 வரை ஆயிற்று. எங்கள் வராந்தாவில் அந்தக் கேள்வியே எழவில்லை. யாரைச் சேர்ப்பது என்று முடிவு செய்ததே அவள்தான்.

மன்றம் என்றால் எச்.எம். அனுமதி வேண்டுமே. மூவரும் மேஜை முன் நின்றார்கள். "இலக்கிய மன்றம் இருக்கு, ஜே.ஆர்.சி. இருக்கு, பசுமைப் படை இருக்கு. இதை எந்தத் தலைப்புல சேக்குறது?" என்று மேடம் கேட்டார். அறிவியல் சார் குறுக்கே வந்தார். "வானவில் மன்றத்தோட வச்சுக்கலாம் மேடம், நான் பொறுப்பு எடுத்துக்கிறேன்."

அவருக்கு உள்ளூர ஒரு பழைய ஆசை. அறிவொளி இயக்கக் காலத்தில், இளைஞராக ஊர் ஊராகப் போனவர். அறிவியல் இயக்கத்துக்காரர்களும் திராவிடர் கழகத்துக்காரர்களும் 'மந்திரமா? தந்திரமா?' என்று தெருமுனையில் நடத்துவார்களே, அதில் எலுமிச்சையிலிருந்து ரத்தம் வரவழைத்துக் கைதட்டல் வாங்கியவர். கோவை போத்தனூரில் இருந்துகொண்டு, 'இந்தியன் ஸ்கெப்டிக்' இதழ் நடத்தி, சாமியார்களின் அற்புதங்களை மேடையில் செய்து காட்டிய பி. பிரேமானந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். பிரேமானந்த் 2009-இல் காலமானார். அவருக்கு முன்னோடி, இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர்.

அனுமதி கிடைத்த பிறகு நடந்த முதல் கூட்டத்தில் சார் கத்தியால் எலுமிச்சையை நறுக்கினார். செக்கச்செவேல் என்று சாறு வடிந்தது. பிள்ளைகள் "ஏய்!" என்றார்கள். கத்தியில் செம்பருத்திப் பூவை முன்பே தேய்த்துக் காயவிட்டிருந்ததையும், புளிப்புப் பட்டால் அது சிவக்கும் என்பதையும் உடனே சொன்னார். மறுபடியும் கைதட்டல். காசுக்காரன் மட்டும் தட்டவில்லை.

"எல்லாத்தையும் சொல்லிட்டா அடுத்த வாரம் யாரு சார் பாக்க வருவா?"

"சொல்லாட்டி உன்னையே சாமின்னு கும்புட ஆரம்பிச்சுருவாங்கடா."

"அதுக்காகக் கைவித்தையையும் சொல்லணுமா சார்?" இது ரிப்பன்காரி.

சார் விடவில்லை, இவர்களும் விடவில்லை. அதுவரை தூணில் சாய்ந்து வெறுங்கையால் சீட்டுக் கலைப்பதுபோல் விரலை ஆட்டிக்கொண்டிருந்த ப்ளஸ் ஒன் பையன் வாயைத் திறந்தான். "மேஜிக்னு சொல்லிட்டுச் செஞ்சா அதைச் சொல்ல வேணாம் சார். சக்தின்னு சொல்லிட்டுச் செய்யறதை மட்டும் சொல்லிரணும்."

சார் சற்று நேரம் அவனையே பார்த்தார். பிறகு மன்ற நோட்டைத் திறந்து அதையே முதல் விதியாக எழுதச் சொன்னார். செம்பருத்தியை இங்கே எழுதிவிட்டுக் காசைப் பற்றி நான் வாய் திறக்காததற்கு அந்த விதிதான் காரணம்.

ஒருநாள் ரிப்பன்காரி ஜன்னலுக்கு நேரே வந்து நின்றாள். கம்பி வழியாக என் மேஜையைப் பார்த்தாள். திரும்பி வராந்தாவைப் பார்த்தாள். கோணத்தை அளக்கிறாள் என்று புரிந்தது.

"சார், உங்களுக்கு எல்லாம் தெரியுதுல்ல?"

நான் தலையை ஆட்டினேன்.

இடத்தை மாற்றிக்கொள்வார்கள் என்று நினைத்தேன். நடந்தது வேறு. அன்றிலிருந்து ஒவ்வொருவராக ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று செய்துவிட்டு, திரும்பி என்னைப் பார்க்கிறார்கள். தெரிந்தால் நான் பேனாவைக் கீழே வைக்க வேண்டும். தெரியாவிட்டால் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பேனா கீழேயே கிடந்தது. தீபாவளி விடுமுறைக்குப் பிறகு சில நாட்கள் நிறுத்தாமல் டி.சி. எழுத முடிந்தது.

குழந்தைகள் தின விழாவில் மன்றத்துக்குக் கால் மணி நேரம் கிடைத்தது. அறிவியல் சார் பி.சி. சர்க்கார் கதையைச் சொன்னார். 1956 ஏப்ரலில் பி.பி.சி. தொலைக்காட்சியில் சர்க்கார் ஒரு பெண்ணை ரம்பத்தால் இரண்டாக அறுத்தார். அவள் எழுந்திருப்பதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிட்டதாக அறிவிப்பாளர் சொல்லிவிட்டார். கொலை நடந்துவிட்டதென்று பயந்து ஜனங்கள் போன் மேல் போன் போட்டார்கள். சர்க்கார் திட்டம் போட்டே அப்படிச் செய்தார் என்பாரும் உண்டு. "நமக்கு அந்த வம்பு வேணாம். மணி அடிக்கிறதுக்குள்ள எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு வந்துருங்க" என்றார் சார்.

சீட்டுக்கட்டை மேடம் தானே என் இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஒல்லிப் பையன் மேடையிலிருந்து இறங்கி, விசிலும் கையுமாக ஓரத்தில் நின்ற பி.டி. சாரிடம் போனான். "ஒரு சீட்டு எடுங்க சார்." கூட்டம் கூச்சல் போட்டது. சார் முறைத்தபடி எடுத்தார், பார்த்தார், திருப்பிச் செருகினார். பையன் கலைத்தான். மறுபடி கலைத்தான். "மேல இருக்கறதை நீங்களே எடுங்க சார்." எடுத்தார். சாரின் வாயிலிருந்து விசில் நழுவிக் கயிற்றில் தொங்கியது. "டேய்!" என்றார். அதற்குமேல் அவருக்கு வார்த்தை வரவில்லை.

காசுக்காரன் முறை வந்தபோது முன்வரிசையில் ஆறாம் வகுப்புப் பொடியன் ஒருவன் எழுந்து, "அந்தக் கைல இருக்கு!" என்று கத்தினான். காசுக்காரன் அந்தக் கையையும் விரித்தான். காலி. பொடியனின் சட்டைப் பையில் காசு இருந்தது. விழா முடிந்ததும் ரிப்பன்காரி அவனைத் தேடிப் பிடித்து வகுப்பும் பிரிவும் எழுதிக்கொண்டாள்.

மறுநாள் காலை மேடம் ஒரு கோப்போடு என் மேஜைக்கு வந்தார். கோப்பு சும்மா சாக்கு. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்கதான் தினமும் இங்க இருந்து பாக்குறீங்களே, அந்தக் காசு அவன் பாக்கெட்டுக்கு எப்படிப் போச்சு?"

நான் கணினித் திரையைக் காட்டினேன்.

"எமிஸ் சர்வர் மறுபடி படுத்துருச்சு மேடம்."

மேடம் திரையைப் பார்க்கத் திரும்பினார்.