பிஸ்பீயின் நீலக் கற்கள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய மியூல் மலைகளின் இடுக்கில் இருக்கிறது பிஸ்பீ. சுற்றிலும் வறண்ட பாலை. 1877இல் அப்பாச்சிகளைத் தேடிவந்த ராணுவ வேவுக்காரர் ஜாக் டன், நல்ல தண்ணீருக்காக மலையேறிய இடத்தில் தாதுக் கறை படிந்த பாறையைப் பார்த்தார். 1880இல் காப்பர் குவீன் சுரங்கம் வேலையைத் தொடங்கியது. 1975இல் நிலத்தடிச் சுரங்கங்கள் மூடப்படும்வரை இவ்வூர் சுமார் 800 கோடி பவுண்டு செம்பு தந்தது. அந்தச் செம்பு கம்பியாகவும் தகடாகவும் உலகெங்கும் கலந்துவிட்டது. பிஸ்பீ என்றதும் கல் சேகரிப்போர் இன்று நினைப்பது உருக்காலைக்குப் போகாமல் தப்பிய கற்களைத்தான்.

இங்கே தாதுவைச் சூழ்ந்திருப்பது சுண்ணாம்புப் பாறை. பைரைட் போன்ற கந்தகத் தாதுக்கள் மேலிருந்து இறங்கும் நீரிலும் காற்றிலும் சிதையும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. அமிலம் செம்பைக் கரைத்துக்கொண்டு இறங்கி, சுண்ணாம்பைத் தொட்டதும் வீரியம் இழக்கிறது. செம்பு கார்பனேட்டாகப் படிகிறது. ஆழ்ந்த நீலமாகப் படிவது அசுரைட், பச்சையாகப் படிவது மாலகைட். சிதைந்த தாது சுருங்கி அமிழும்போது அதன் தலைக்குமேல் குகை உண்டாகும். அதனால் குகை தட்டுப்பட்டால் கீழே தாது இருக்கும் என்று பிஸ்பீ தொழிலாளிகள் கணக்குப் போட்டார்கள். பெரும்பாலும் கணக்கு சரியாகவே வந்தது.

இந்தக் கற்களில் செம்பு பாதிக்கு மேல். சுரங்கக் கணக்கில் அவை உயர்ரகத் தாது, அவ்வளவுதான். உடைத்து, வண்டியில் ஏற்றி, உருக்காலைக்கு அனுப்ப வேண்டியவை. படிகங்கள் வளர்ந்த எத்தனை பொந்துகள் அப்படி உலைக்குள் போயின என்பதற்குக் கணக்கே கிடையாது. மிஞ்சியவற்றில் பெரும்பகுதி தொழிலாளிகளின் சாப்பாட்டு டப்பாக்களில் வெளியே வந்தது. சட்டப்படி கல் சுரங்க நிறுவனத்தின் சொத்து. ஆனால் மேற்பார்வையாளர்கள் பெரும்பாலும் கண்டும் காணாமல் இருந்தார்கள்.

கல்லை முழுசாக எடுப்பது தனி வித்தை. அசுரைட்டின் கடினம் மோஸ் அளவில் 3.5 முதல் 4 வரைதான். கத்தி முனையே கீறிவிடும். பொந்துக்கு அருகே வெடி வைத்தால் படிகங்கள் பொடியாகிவிடும். எனவே படிகத்தை விட்டு, அது ஒட்டியிருக்கும் தாய்ப்பாறையில்தான் உளி வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் துணியிலோ காகிதத்திலோ சுற்றுவார்கள். கழுவத் தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும். சூடு பட்டால் கறுக்கும். இவ்வளவையும் மெழுகுவத்தி வெளிச்சத்திலும் பிற்காலத்தில் கார்பைடு விளக்கிலும், வேலை நேரத்துக்கு நடுவே செய்தார்கள் என்பதை நினைத்தால், அந்தக் கைகளைத் திருட்டுக் கைகள் என்று சொல்ல மனம் வராது.

அக்கைகளுக்கு நிறுவனம் தந்த மதிப்பு வேறு. 1917 ஜூலை 12 அன்று, வேலைநிறுத்தம் செய்தவர்களும் அவர்களை ஆதரித்தவர்களுமாகச் சுமார் 1,200 பேரை, ஷெரிஃப் தலைமையில் ஆயுதம் ஏந்திய கும்பல் மாட்டு ரயில் பெட்டிகளில் ஏற்றி நியூ மெக்சிகோ பாலையில் இறக்கிவிட்டது. ரயில் பெட்டிகளைக் கொடுத்தது, சுரங்க முதலாளியான ஃபெல்ப்ஸ் டாட்ஜ் நிறுவனத்துக்குச் சொந்தமான ரயில்வே. தொழிலாளிகளில் மெக்சிகோக்காரர்களுக்கு அதற்கு முன்பும் நிலத்தடியில் நல்ல கூலி வேலை கிடைக்கவில்லை.

1976 முதல் காப்பர் குவீன் சுரங்கத்தின் ஒரு பகுதி பார்வையாளர்களுக்குத் திறந்திருக்கிறது. மஞ்சள் மேலங்கி, தலைக்கவசம், விளக்கு ஆகியவற்றோடு சிறு ரயிலில் கால்களை இருபுறமும் போட்டு உட்கார்ந்து உள்ளே போகலாம். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே சுமார் 8 டிகிரி செல்சியஸ் குளிர். நெடுங்காலம் இங்கே வழிகாட்டிகளாக இருந்தவர்கள் ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளிகளே. ஊருக்குள், 1897இல் கட்டிய நிறுவன அலுவலகம் இன்று அருங்காட்சியகம். இங்கிருந்து போன மிகப் பெரிய கல் ஒன்று நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது: நான்கரை டன் எடையுள்ள நீலமும் பச்சையுமான பாறை. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் காட்டப்பட்டது.

இன்று விலைக்கு வருபவை பெரும்பாலும் பழைய தொகுப்புகளிலிருந்து கைமாறும் கற்கள். எந்தச் சுரங்கம், எந்த மட்டம் என்று சீட்டு இருந்தால் மதிப்பு கூடும். டப்பாவில் ஒளித்துக் கொண்டுவந்தவர் எந்த மட்டம் என்று எழுதி வைத்திருக்கப் போவதில்லை. பழைய சீட்டுகள் பலவற்றில் 'பிஸ்பீ, அரிசோனா' என்று மட்டுமே இருக்கிறது.